புள்ளிக்கு முன் ஒரு கேள்வி

கற்றல், கற்பித்தல் பற்றிய நூல்களிலும் ஆசிரியர் வழிகாட்டிகளிலும் 'கணிப்பீடு', 'மதிப்பீடு' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தே வருகின்றன. அதனால்தானோ என்னவோ, இரண்டையும் ஒன்றென்றே பலரும் எண்ணுகிறோம். மாணவி படித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு எது விளங்கியது, எது விளங்கவில்லை என்று அறிவது கணிப்பீடு. படித்து முடித்த பின் அவள் எட்டிய நிலை பற்றி முடிவு கூறுவது மதிப்பீடு. இதையொத்த ஒரு வேறுபாட்டை, பாடத்திட்டங்களை மதிப்பிடுவது பற்றி எழுதியபோது மைக்கல் ஸ்கிரிவன் 1967இல் எடுத்துக்காட்டினார். பெஞ்சமின் புளூம் அதை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார்.

எங்கள் தவணைப் பரீட்சைகள் இவற்றுள் எது? கணிப்பீடாக இருக்கவேண்டியவை வெறும் மதிப்பீடாக மாறிவிட்டன என்பதே என் கருத்து. விடைத்தாள் கைக்கு வந்ததும் நாங்கள் தேடுவது மொத்தப் புள்ளியை. அடுத்தது பக்கத்திலிருக்கும் தோழியின் புள்ளியை. ஆசிரியை சிவப்பு மையால் எழுதிய குறிப்பு வாசிக்கப்படாமலே கிடக்கிறது. வீட்டிலும் "எத்தனை புள்ளி? எத்தனையாம் பிள்ளை?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

ஆனால் சோதனை அளப்பதற்கு மட்டும் உரியதல்ல. ரோடிகர், கார்பிக் என்னும் அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வொன்றை 2006இல் வெளியிட்டனர். ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் வாசித்தவர்களே ஐந்து நிமிடத்தின் பின் அதைக் கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர். ஒரு வாரம் சென்றதும் நிலைமை மாறியது. வாசித்ததைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களே முந்தினர். அதாவது, சோதனையும் ஒரு கற்றல்தான்.

இது நமக்குப் புதிதுமல்ல. குர்ஆனை மனனம் செய்யும் பிள்ளை நாள்தோறும் உஸ்தாதின் முன்னிலையில் பார்க்காமல் ஓதிக் காட்டுகிறது. தவறினால் அந்த இடத்திலேயே திருத்தப்படுகிறது. பழைய பாடத்தையும் மறுபடி ஓதுகிறது. நாளாந்தம் நடக்கும் அந்தச் சோதனையின் நோக்கம் புள்ளியல்ல, திருத்தம்.

உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியே பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அது மதிப்பீடு; அதற்கு முகங்கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் அதற்கு முந்திய ஒவ்வொரு சிறு சோதனையையும் அதே பயத்தோடு எழுதவேண்டுமா? பயந்த பிள்ளை தனக்குத் தெரியாததை மறைக்கப் பழகுகிறாள். வகுப்பில் மறைத்தது இறுதிப் பரீட்சையில் வெளிப்பட்டுவிடும். அப்போது திருத்துவதற்கு நேரமிருக்காது.

ஆகவே, உம்மாமாரிடமும் வாப்பாமாரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த தவணை விடைத்தாளைக் காணும்போது, புள்ளியைக் கேட்கமுன் "எந்தக் கேள்வி விளங்கவில்லை, மகள்?" என்று கேளுங்கள். தோழியரே, பிழைத்த கேள்விக்கான விடையைப் படித்துவிட்டு, புத்தகத்தை மூடிவைத்து இன்னொரு முறை எழுதிப் பாருங்கள். புள்ளி ஏற்கெனவே போடப்பட்டுவிட்டது. பாடத்தை இன்னும் கற்கலாம்.