கட்டிலருகே கற்காத வைத்தியம்

சூளகிரிப் பக்கம் தக்காளித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவரை, இரவு தரையில் படுத்திருக்கும்போது கட்டுவிரியன் தீண்டிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கடித்த தடம் பல சமயம் தெரியாது. வீக்கமும் இராது. விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். கண் இமைகள் கனத்துக் கீழே இறங்கும். வயிற்றுவலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டால் சில மணி நேரத்தில் மூச்சுத் திணறி உயிர் போகலாம். கட்டுவிரியன் விஷம் நரம்பைத் தாக்கும் என்று நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டுக்காட்ட எந்த மருத்துவ மாணவருக்கும் தெரியும். இமை இறங்குவதைப் பார்த்த மாத்திரத்தில் சந்தேகப்பட வேண்டுமானால், முன்பு ஒரு நோயாளியின் கட்டிலருகே, தெரிந்த ஆசிரியரோடு நின்றிருக்க வேண்டும்.

டாக்டர்களுக்கு லைசென்ஸ் கொடுக்கும் பரீட்சை எப்படி இருக்க வேண்டும் என்பது தோட்டத் தொழிலாளிக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் சம்பந்தமில்லாத விவகாரம் அல்ல.

2019ல் நிறைவேறிய தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், எம்.பி.பி.எஸ். படிக்கிற எல்லோருக்கும் 'நெக்ஸ்ட்' என்ற ஒரே அகில இந்தியப் பரீட்சை என்றது. 2023ல் வந்த விதிகளின்படி அதற்கு இரண்டு படிகள். முதற்படி, கம்ப்யூட்டரில் விடையைத் தேர்ந்தெடுப்பது. இரண்டாம் படி, பயிற்சி ஆண்டு முடிந்தபின் செய்முறைச் சோதனை. மேற்படிப்பு இடத்துக்கு எண்ணப்படுவது முதற்படி மார்க் மட்டும்! நோயாளியைத் தொட்டுப் பார்க்கும் இரண்டாம் படியில் தேறினார் அல்லது தேறவில்லை, அவ்வளவுதான். எதற்கு மார்க் உண்டோ அதைத்தானே மாணவர் படிப்பார்? எதிர்ப்புக் கிளம்பியது. தமிழக முதலமைச்சர் 2023 ஜூனில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஜூலையில் பரீட்சையை ஒத்திவைத்தார்கள், ரத்து செய்யவில்லை.

ஆதரிப்போர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. நாலரை ஆண்டுப் படிப்புக்குப் பின் வரும் ஓராண்டுப் பயிற்சியைப் பலர் மேற்படிப்பு நீட் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வதிலேயே கழிக்கிறார்கள். முதற்படி பயிற்சிக்கு முன்பே முடிந்தால் அந்த ஓராண்டு மீளும். மெய்தான். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு பறிபோகும். வார்டில் நிற்க வேண்டிய மாணவர் கோச்சிங் வகுப்பில் உட்கார்ந்திருப்பார். கோச்சிங் வியாபாரிக்கு எந்த ஆண்டானால் என்ன?

வெளிநாட்டில் படித்துத் திரும்புவோர் கதையைப் பாருங்கள். இவர்களுக்கு 2002லிருந்தே தனிப் பரீட்சை உண்டு. 300 கேள்விகள், 150 மார்க் வாங்க வேண்டும். எத்தனையோ தடவை நாலில் ஒருவர்கூடத் தேறவில்லை. 'மக்குகள்' என்று பரிகாசம் செய்வது எளிது. இங்கே தனியார் கல்லூரிக் கட்டணம் எட்டாமல், நிலத்தை அடகு வைத்துப் பெற்றோர் அனுப்பிய பிள்ளைகள் இவர்களில் எத்தனை பேர்! போன தேசத்தின் மொழி சரிவர வராமல் நோயாளியிடம் எப்படி நோயை விசாரிப்பார்கள்? 2020ல் கொரோனா வந்தது, 2022ல் உக்ரைன் யுத்தம் வந்தது. கட்டிலருகே கற்க வேண்டியதை ஆயிரக்கணக்கானோர் செல்போன் திரையில் கற்றார்கள். வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால் இதை மறைத்துவிட்டு மாணவர்மேல் மட்டும் பழி போடுவது அநியாயம். இவர்கள் இங்கே அரசு ஆஸ்பத்திரியில் பயிற்சி பெறுவதும் பரீட்சையில் தேறிய பிறகுதான். நீந்தத் தெரிந்தால்தான் கிணற்றில் இறங்கலாம் என்பது போல!

நம் மாவட்டத்துக்கு வருவோம். போலுப்பள்ளியில் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது; ஆண்டுக்கு 150 இடங்கள். நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் 2025ல் தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு, ஆசிரியர் பற்றாக்குறை முதலிய குறைகளைக் காட்டி, ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாத வார்டில் மாணவர் யாரிடம் கற்பது?

மருத்துவக் கல்லூரிகளில் காலி ஆசிரியர் இடங்களைச் சர்க்கார் உடனே நிரப்ப வேண்டும். எந்தப் பரீட்சை வந்தாலும் கட்டிலருகே பெறும் மார்க்குக்கு மேற்படிப்பிலும் மதிப்பு வேண்டும். வெளிநாட்டிலிருந்து திரும்பியோருக்குப் பரீட்சைக்கு முன்பே அரசு ஆஸ்பத்திரி வார்டுகளைத் திறந்துவிட வேண்டும். போலுப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் சூளகிரி போன்ற ஊர்களின் அரசு ஆஸ்பத்திரியில் சில வாரங்களாவது, ஆசிரியரின் மேற்பார்வையில், இரவு டியூட்டி பார்க்க வேண்டும். பாம்புக் கடியும் நெடுஞ்சாலை விபத்தும் வந்து சேரும் இடம் அதுதான். அடுத்த சங்கக் கூட்டத்தில் கூலி, போனஸ் கோரிக்கைகளோடு இவற்றையும் சேர்த்துத் தீர்மானம் போடுங்கள்.