புதிய முகவரியும் மெய்யான சோதனையும்

சென்னையில் பல வீட்டு வாசல்களில் பழைய எண், புதிய எண் என இரண்டும் எழுதப்பட்டுள்ளன. இரண்டையும் குறித்து அனுப்பிய கடிதம் வந்து சேர்ந்துவிட்டால், தபால்காரர் எதைக்கொண்டு வீட்டைக் கண்டார் என்று எவரும் ஆராய்வதில்லை. இணைய முகவரி மாற்றத்திலும் இம்மயக்கம் உண்டு.

ஐ.பி.வி.4 என்னும் பழைய முறை ஏறத்தாழ 430 கோடி முகவரிகளையே தரவல்லது. அதன் உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஐ.பி.வி.6 என்னும் புதிய முறைக்கு மாறுவதற்கென நம் தொலைத்தொடர்புத் துறை 2010 ஜூலையிலும் 2013 மார்ச்சிலும் வழித்திட்டங்களை வெளியிட்டது. கைபேசி இணைப்புகள் விரைந்து மாறின. வலைத்தளங்கள் மெய்யாகவே மாறினவா என்பதை அறிவது அத்துணை எளிதன்று. புதிய வழி தாமதித்தால் உலாவி ஓசையின்றிப் பழைய வழியே சென்றுவிடும். பெயர்ப் பதிவில் புதிய முகவரி இருப்பதைக் கண்ட அளவில் சான்று எழுதுவது முறையாகாது.

பெங்களூரிலுள்ள ஒரு பொறியாளரின் அலுவலக இணைப்பு பழைய முறையிலேயே இருக்கலாம். அவர் பிராக்ஸி என்னும் இடைநிலைக் கணினி வாயிலாகச் சோதிக்கலாம். அவரிடமிருந்து பிராக்ஸிவரை பழைய வழி, அதற்கப்பால் புதிய வழி. ஆனால் பிராக்ஸிக்கு இரு வழிகளும் திறந்திருந்தால் சோதனையே பொய்த்துவிடும். ஆதலின் அதன் பழைய வழியை அடைத்தல் வேண்டும். தளத்தின் பெயரை முகவரியாக்கும் வேலையையும் அதனிடமே விடல் வேண்டும். தளத்தின் சர்வர் பதிவேட்டைப் பார்ப்பின் ஐயம் தீரும்: புள்ளியிட்ட நான்கு எண்கள் பழைய முகவரி, முக்காற்புள்ளிகள் இருப்பின் புதியது.

இதுவும் போதாது என்பதே என் கருத்து. புதிய முறையில் வழியிலுள்ள ரூட்டர் பெரிய பொட்டலத்தைப் பிரித்து அனுப்பாது. ‘அளவு மிகுதி’ என்னும் செய்தியை அனுப்பியவருக்கே திருப்பிவிடும். பாதுகாப்பின் பெயரால் அச்செய்தியைத் தளத்தின் வாயிலில் தடுத்துவிட்டால், சிறிய பக்கம் திறக்கும். நீண்ட பட்டியல் பாதியில் நிற்கும். தொடர்பு முன்னரே ஏற்பட்டுவிட்டமையால் உலாவியும் பழைய வழிக்குத் திரும்பாது. அகன்ற பாதையில் அமர்ந்துள்ள பிராக்ஸிக்கு இக்குறை தென்படாமலே போகலாம். கொள்ளேகாலை அடுத்த மலைக்கிராமத்தில் மாணவர் பட்டியலுக்காகக் கைபேசியுடன் காத்திருக்கும் ஆசிரியருக்கே அது தென்படும். அவருக்கோ, “உங்கள் ஊரில் சிக்னல் சரியில்லை” என்னும் விடையே கிடைக்கும்.

ஆகவே சான்றிதழில் ‘சோதிக்கப்பட்டது’ என்று மட்டும் எழுதாமல், எந்த இணைப்பிலிருந்து, எவ்வளவு பெரிய பக்கத்தைக் கொண்டு சோதித்தனர் என்பதையும் எழுதுவித்தல் வேண்டும். களப்பணியாளரும் முறையிடுங்கால் நாள், நேரம், இணைப்பு, நின்றுபோன பக்கம் ஆகியவற்றைக் குறித்தனுப்பினால், அந்தப் பொறியாளர் பதிவேட்டில் அதே வரியைத் தேடிக் காணலாம்.