வைத்திய வீரராகவரும் வெள்ளை பெல்ட்டும்

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் போகும் மின்சார ரயிலில், மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு பெரியவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். அவருக்கு எழுபது இருக்கும். எனக்கு இருபத்தொன்பது. "உக்காருப்பா, நான் அத்திப்பட்டுல எறங்கிடுவேன்" என்றார். ஷிஃப்ட் முடிந்து ஏறிய கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. வேண்டாமென்று தலையாட்டலாம் என்றால், கழுத்து அந்த வாரம் ஆடுகிற நிலையில் இல்லை. வலது முழங்கை நீட்டவும் வராமல் மடக்கவும் வராமல் பாதியில் நின்றிருந்தது. பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னப்பா உடம்புக்கு?"

"ஜு-ஜிட்ஸுங்க."

"அடப் பாவமே! புதுசா வந்திருக்கா? இதுவும் கொசுவாலதானா?"

அவருக்கு விளக்குவதற்குள் அத்திப்பட்டு வந்துவிட்டது. உங்களுக்காவது விளக்குகிறேன்.

பிரேசிலியன் ஜு-ஜிட்ஸு காய்ச்சல் அல்ல, சண்டைக் கலை. மிட்சுயோ மேடா என்ற ஜப்பானிய ஜூடோ வீரர் 1914-இல் பிரேசிலுக்குப் போய் இறங்கினார். அவர் வழியாகக் கற்றுக்கொண்ட கார்லோஸ் கிரேஸியும் அவர் தம்பி ஹீலியோவும் அதைத் தங்கள் இஷ்டத்துக்கு வளைத்து உருவாக்கியது இது. குத்து கிடையாது, உதை கிடையாது. எதிராளியைத் தரையில் சாய்த்து, மேலே ஏறி உட்கார்ந்து, கையையோ காலையோ அது திரும்பக் கூடாத திசையில் திருப்ப வேண்டும். அல்லது அவன் போட்டிருக்கும் கோட்டின் காலராலேயே அவன் கழுத்தை நெரிக்க வேண்டும். மாட்டிக்கொண்டவன் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினால் அந்த நிமிஷமே விட்டுவிட வேண்டும். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டிலிருந்து ஜு-ஜிட்ஸுவுக்கு மெடலே உண்டு. நமக்கும் இது அன்னியமில்லை. மாமல்லன் என்றால் பெரிய மல்யுத்தக்காரன் என்றுதான் அர்த்தம். அந்தப் பல்லவ ராஜா மறுநாள் காலையில் எந்தத் தைலம் தேய்த்துக்கொண்டார் என்பதைத்தான் யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை.

நான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறேன். (கம்பெனி பெயர் வேண்டாம். எங்கள் மேனேஜர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்.) லேத்திலிருந்து வரும் ஷாஃப்ட்டுகளை மைக்ரோமீட்டரால் அளந்து, 'ஓகே' அல்லது 'ரிஜெக்ட்' சீட்டு ஒட்டுவது உத்தியோகம். இரண்டு வருஷத்தில் என்னுடைய சுற்றளவே மைக்ரோமீட்டருக்கு அடங்காமல் போக, ஒரு நண்பன் இழுத்துக்கொண்டு போய்ச் சென்னையில் ஒரு பயிற்சிக் கூடத்தில் சேர்த்துவிட்டான். அவன் இரண்டாவது வாரமே நின்றுவிட்டான். நான் மாட்டிக்கொண்டேன்.

முதல் வகுப்பு முடிந்த ராத்திரி ஒரு வலியும் இல்லை. 'பரவாயில்லையே, நம்ம உடம்பு ஸ்ட்ராங்தான்' என்று தூங்கப் போனேன். மறுநாள் காலை சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. அதற்கு மறுநாள் இன்னும் மோசம். எங்கள் ரூமில் இந்திய முறைக் கழிப்பறை. உட்காருவதைப் புவியீர்ப்பு பார்த்துக்கொண்டது. எழுந்திருக்கத் தண்ணீர்க் குழாயைப் பிடித்தேன். குழாய் கையோடு வந்துவிட்டது. ஹவுஸ் ஓனர் அட்வான்ஸில் கழித்துக்கொண்டார்.

இது லாக்டிக் ஆசிட் தேங்குவதால் வரும் வலி என்று ஜிம்முக்குப் போகிற எல்லோரும் சொல்வார்கள். தப்பு. அந்த ஆசிட் ஒரு மணி நேரம் சுமாருக்குள் காலியாகிவிடும். பழக்கமில்லாத வேலை செய்யும்போது தசை நார்களில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னச் சேதம் ஆகிறது. அதை ரிப்பேர் பார்க்க உடம்பு அனுப்புகிற ஆட்கள் போடும் சத்தம்தான் வலி. இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தானே போய்விடும். அடுத்த முறை அதே வேலைக்கு அவ்வளவு வலிக்காது. படுத்தே கிடப்பதைவிட மெதுவாக நடப்பது நல்லது, நன்றாகத் தூங்குவது அதைவிட நல்லது. ஒன்றே ஒன்று: கடுமையான தசை வலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், உடைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைப் போட்டுத் தாக்குகிறது என்று அர்த்தம். அப்போது 'நாளைக்குப் பார்க்கலாம்' கிடையாது. நேராக ஆஸ்பத்திரி.

நம் ஊரில் வலி என்று சொன்னால் போதும், சுற்றிலும் வைத்தியர்கள் முளைப்பார்கள். "காலு முன்னால வந்து பொறந்தவங்க உதைச்சா இடுப்புப் பிடிப்பு போயிடும் ஸார்" என்று சொன்ன கான்டீன்காரர், அப்படிப் பிறந்த தன் மச்சானைக் கையோடு கூட்டி வந்தார். மச்சானுக்கு மூட்டை தூக்குகிற தொழில். அவர் பாதத்தின் சைஸைப் பார்த்ததுமே எனக்குப் பாதி குணமாகிவிட்டது. ஸ்டோர்ஸ்காரர் புத்தூர்க் கட்டு ஒன்றுதான் வழி என்றார். (திருவள்ளூர் ஜில்லாவில் 'எலும்பு' என்று வாயெடுத்தாலே எதிரில் இருப்பவர் 'புத்தூர்' என்பார். மட்டன் கடையில்கூட நடந்திருக்கிறது.) திருவள்ளூரில் இருக்கும் அம்மாவுக்கு ஒரே டாக்டர், வைத்திய வீரராகவப் பெருமாள். கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தால் வியாதியும் கரையும் என்று ஊரில் நம்பிக்கை. அமாவாசையன்று போன் பண்ணி, "உனக்காக அரைக் கிலோ கரைச்சிருக்கேன்டா" என்றாள். வலி நிஜமாகவே போய்விட்டது. அன்று ஆறாவது நாள் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை.

அப்புறம் விரல்கள். அந்தத் தடித்த கோட்டைப் பிடித்து இழுத்து இழுத்துக் கணுக்கள் கடலைக்காய் மாதிரி வீங்கும். நொந்த விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்து டேப் சுற்றிக்கொள்வது வழக்கம். எங்கள் ஃபேக்டரி வாசலில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு போர்டு உண்டு. என் விரல் கட்டைப் பார்த்த சேஃப்டி ஆபீஸர் முகம் வெளுத்துப்போய், அது கம்பெனிக்கு வெளியே என் சொந்தச் செலவில் ஏற்பட்டது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டார்.

காது மடலில் ரத்தம் கட்டினால் சில நாட்களுக்குள் டாக்டர் ஊசியால் எடுத்து அழுத்திக் கட்டவேண்டும். விட்டால் கெட்டியாகி நிரந்தரமாகக் காலிஃபிளவர் ஆகிவிடும். பெண் பார்க்கப் போகிற வயதில் இது முக்கியமான தகவல்.

இதைவிடப் பெரிய எதிரி படர்தாமரை. வியர்வை, பாய், தோலோடு தோல் உரசல் எல்லாம் சேர்ந்து அதற்கு ராஜ உபசாரம். எனக்குத் தொடையில் வந்தது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ஒரு ட்யூப் தருவார்கள், நாலே நாளில் அரிப்பு நின்றுவிடும். பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்த ட்யூப் அது. அரிப்பை அமுக்கும், பூஞ்சையை வளர்க்கும். நிறுத்தியதும் ஊரெல்லாம் பரவும். எனக்கு முதுகு வரை டூர் போனது. வழக்கமான மாத்திரைக்கு மசியாத பூஞ்சை ஒன்று நம் நாட்டில் கிளம்பி, 2020-இல் அதற்கு இந்தியாவின் பெயரையே சேர்த்து 'ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே' என்று நாமகரணம் செய்துவிட்டார்கள். தோல் டாக்டர் வாரக்கணக்கில் மருந்து கொடுத்தார். அது போகும்வரை பாயில் கால் வைக்கக் கூடாது, வகுப்பு முடிந்ததும் குளியல், கோட்டு ஒவ்வொரு முறையும் துவைக்கணும் என்றார். துவைத்துக் காய்ந்த கோட்டைக் கொடியில் பார்த்து, ஹவுஸ் ஓனர் சம்சாரம் "தம்பி ஆஸ்பத்திரில வேலையா?" என்று விசாரித்தார்.

சரி, முழங்கைக்கு வருகிறேன்.

அன்றைக்கு ஆபீஸ் நண்பர் ஒருவரை வேடிக்கை பார்க்க அழைத்துப் போயிருந்தேன். முதல் தப்பு அதுதான். எனக்கு ஜோடி, கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். நாற்பத்தெட்டு கிலோ இருப்பாள், என்னை அண்ணா என்பாள். மூன்றாவது நிமிஷம் என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை என் மார்புக்குக் குறுக்கே போட்டு, மெதுவாக மல்லாந்து சாய்ந்தாள். கை நீண்டது. இனி நீள இடமில்லை.

"தட்டுங்கண்ணா."

நண்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டவில்லை.

"அண்ணா, தட்டுங்க!"

அவள் அதற்கு மேல் அழுத்தவே இல்லை. நான்தான் வீரமாகப் புரண்டு கையை உருவப் பார்த்தேன். முழங்கைக்குள் 'டொக்' என்றது. அவள் பதறி விட்டுவிட்டாள், கண்ணில் தண்ணீர். நண்பர் எழுந்து வந்து, "ஸார், நீங்க ஜெயிச்சுட்டீங்களா?" என்றார்.

தட்டாதவர்களில் பெரிய மனிதர்களும் உண்டு. 1951-இல் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா மைதானத்தில் ஜப்பானின் மசாஹிகோ கிமுரா, சாட்சாத் ஹீலியோ கிரேஸியின் கையைப் பின்னால் முறுக்கினார். ஹீலியோ தட்டவில்லை. கை போனது. அவர் தரப்பு ஆட்கள்தான் போட்டியை நிறுத்தச் சொன்னார்கள். அந்தப் பிடிக்கு இன்றைக்கும் 'கிமுரா' என்றே பெயர். கையைக் கொடுத்தவர் ஒருத்தர், பேர் வாங்கியவர் இன்னொருத்தர். ஹீலியோ அதற்கப்புறம் 2009 வரை, 95 வயது வாழ்ந்தார். அவருக்கு மறுநாள் காலை எட்டரைக்கு ஷாஃப்ட் அளக்கிற வேலை இல்லை.

எனக்கு இருந்தது. வேலை நிரந்தரமாகும் கடிதம் அந்த மாதம் வரவேண்டும். கை சரியில்லை என்று தெரிந்தால் என்ன ஆகுமோ! முழுக்கைச் சட்டை போட்டு மறைத்தேன். காலையில் ஒரு வலி மாத்திரை, மதியம் ஒன்று. நாலாவது நாள், மாத்திரை தந்த தைரியத்தில் மறுபடி வகுப்புக்கே கிளம்பினேன். பெரியவர் எனக்கு இடம் கொடுத்தது அன்றைக்குத்தான். மாஸ்டர் என் முழங்கையை ஒரு விரலால் தொட்டார். நான் போட்ட சத்தத்தைக் கேட்டு, "ட்ரெஸ் மாத்தாதே, அப்படியே வீட்டுக்குப் போ" என்றார்.

மறுநாள் மைக்ரோமீட்டரைத் திருகத் திருக உயிர் போனது. நாற்பது ஷாஃப்ட் கொண்ட ஒரு ட்ரே. ஐந்துக்கு ஒன்று அளந்துவிட்டு, அத்தனைக்கும் 'ஓகே' ஒட்டினேன்.

ஒரு மணி நேரத்தில் லேத் ஆபரேட்டர் அண்ணன் அந்த ட்ரேயைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, டூல் தேஞ்சிருந்ததை இப்பத்தான் பாத்தேன். இதுல ஏழெட்டு சைஸ் ஏறியிருக்கு. நீ எப்படி ஓகே போட்டே?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவர் என் கையைப் பார்த்தார். அப்புறம் தன் இடது கையைக் காட்டினார். ஆள்காட்டி விரலில் மேல் கணு இல்லை. "பழைய கம்பெனில, பிரஸ்ல போனது. அன்னிக்குக் காலையிலேர்ந்தே கை மரத்துதான் கெடந்துச்சு. சொன்னா ஒரு நாள் சம்பளம் போயிடும்னு சொல்லல" என்றார். ட்ரேயை என் மேஜையில் வைத்துவிட்டு, தன் மெஷினுக்குப் போய்விட்டார்.

நாற்பதையும் திரும்ப அளந்தேன். எட்டு ரிஜெக்ட். அப்புறம் சூப்பர்வைஸர் கேபின் கதவை இரண்டு தட்டுத் தட்டினேன்.

பொன்னேரியில் பார்த்த எலும்பு டாக்டர் முதலில் கேட்டதே, "சத்தம் கேட்டுச்சா? எத்தனை மணி நேரத்துல வீங்குச்சு? விரல் மரக்குதா?" என்றுதான். எக்ஸ்ரேயில் எலும்பு தப்பியிருந்தது, தசைநார் கொஞ்சம் பிய்ந்திருந்தது. "தசை வலின்னா ரெண்டு பக்கமும் பரவலா இருக்கும், அசைய அசையக் குறையும். இங்கதான் வலிக்குதுன்னு ஒத்தை விரலை வெச்சுக் காட்டற மாதிரி மூட்டு வலி, அசைச்சா ஏறுற வலி, கால் ஊன முடியாத வலி, இதுக்கெல்லாம் தைலம் தேய்ச்சுக்கிட்டு நிக்காதீங்க" என்றார். மாத்திரை வலியைத்தான் குறைக்கும், பிய்ந்ததை ஒட்டாது என்றார். தினமும் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் தனியாகக் கணக்குக் கேட்குமாம். ஐஸ் கட்டி வைக்கலாமா என்றேன். வலிக்கு வைக்கலாம், குணமாக்கும் என்று நம்பி அல்ல என்றார். ஓய்வு, ஐஸ், கட்டு, உயரத் தூக்கி வைப்பது என்ற சூத்திரத்தை 1978-இல் பிரபலப்படுத்திய அமெரிக்க டாக்டர் கேப் மிர்கினே, ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்பாடு மாற்றிச் சொல்லிவிட்டார். சில நாள் தூளி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அசைவு, அப்புறம் சின்ன எடை. முற்றிலும் கட்டிப் போட்டு வைத்தால் முழங்கை விறைத்துக்கொள்ளுமாம்.

மூன்று வாரம் ஃபைல் அடுக்கும் வேலை கொடுத்தார்கள். நிரந்தரமாகும் கடிதம் மூன்று மாதம் தள்ளிப்போனது. ட்ரே விஷயமும் சூப்பர்வைஸருக்கு நானே சொன்னதுதான், குறை சொல்ல முடியாது.

எட்டாவது வாரம் வகுப்புக்குத் திரும்பினேன். அதே பெண். "வலது முழங்கை இன்னும் சரியாகலம்மா" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவள் என் கையைச் சும்மா பிடித்தாள். தட்டிவிட்டேன்.

"அண்ணா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல!"

அன்று பன்னிரண்டு முறை தட்டினேன். எண்ணியது மாஸ்டர்.

போன ஞாயிற்றுக்கிழமை ரயிலில் அந்தப் பெரியவரை மறுபடி பார்த்தேன். இந்த முறை நான் எழுந்து இடம் கொடுத்தேன். அடையாளம் தெரிந்துகொண்டு, "ஜுரம் விட்டுச்சாப்பா?" என்றார்.

"இல்லீங்க. வாரத்துக்கு மூணு நாள் வருது."

"முறை ஜுரம்" என்றார் தீர்மானமாக. "ரூம்ல கொசுவலை கட்டு."