வீட்டுக் கணக்கில் நடையையும் சேர்ப்போம்

என் அண்ணன் முதல் வீடு வாங்கப் போகிறார். செபராங் பிறையில், நெடுஞ்சாலையை ஒட்டிய புதிய குடியிருப்பில் ஒரு தரைவீட்டை அப்பா பார்த்து வைத்திருக்கிறார். மூன்று அறைகள், இரண்டு கார் நிறுத்தலாம். வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. எதிர்த்துப் பேசுவது நான் மட்டும்தான். ஜார்ஜ்டவுன் நகருக்குள் வாங்கலாமே என்பது என் வாதம்.

"நீ டூரிஸ்ட் மாதிரி பேசுற" என்றார் அண்ணன்.

நான் பேசுவது சுவரோவியங்களைப் பார்த்து மயங்கி அல்ல, பாட்டியைப் பார்த்துத்தான். குட்டி இந்தியாவில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் பாட்டி பல ஆண்டுகள் வாடகைக்கு இருந்தவர். மகா மாரியம்மன் கோயில், பூக்கடை, மளிகைக்கடை எல்லாம் சில நிமிட நடை. சௌராஸ்தா சந்தைக்குக் கால் மணி நேரம். மழை பெய்தாலும் கடைகளின் முன்னே ஓடும் ஐந்தடிப் பாதையில் பெரும்பாலும் நனையாமல் போய்விடலாம். 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் 2000ஆம் ஆண்டு பிறந்தபோது முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியது. நான் பிறப்பதற்கு முன்பே பாட்டி அக்கரைக்குக் குடிபெயர்ந்துவிட்டார். இன்று வெற்றிலை வாங்கவும் யாராவது கார் எடுக்கும்வரை காத்திருக்கிறார். கால்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. நடந்து போகத்தான் இடமில்லை.

அண்ணனின் தயக்கத்திலும் நியாயம் உண்டு. பாரம்பரிய மண்டலத்தில் நாங்கள் விசாரித்த ஒரு கடைவீட்டின் விலை 10 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டியது. பத்து விழுக்காடு முன்பணம் என்றாலே ஒரு லட்சம்! பழைய கூரை ஒழுகும், கரையான் அரிக்கும். முகப்பை மாற்ற மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும். ஆனால் நகருக்குள் கடைவீடுகள் மட்டுமா இருக்கின்றன? மண்டலத்தைச் சுற்றிப் பழைய அடுக்குமாடிகளும் உண்டு. அறை சிறியது, கார் நிறுத்த இடம் குறைவு. ஆனாலும் கோயிலுக்கும் சந்தைக்கும் படகுத் துறைக்கும் நடக்கலாம். நகருக்குள் சுற்றிவரும் இலவசப் பேருந்தும் உண்டு.

நாம் கணக்குப் போடும் விதத்தில்தான் தவறு என்பேன். வீட்டுக் கடன் 35 ஆண்டு, கார்க் கடன் 9 ஆண்டு என்று தனித்தனியாக எழுதுகிறோம். ஊருக்கு வெளியே வீடு வாங்கினால் இரண்டாவது காரும் அதோடு சேர்ந்தே வருகிறது. எண்ணெய், காப்புறுதி, சாலை வரி, தினமும் பாலத்தில் நெரிசலில் கழியும் நேரம் ஆகிய எதுவும் விற்பனையாளர் தரும் தாளில் இருக்காது. அவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். "மலிவான" வீடு அவ்வளவு மலிவாகத் தெரியாது.

இது எங்கள் குடும்பக் கணக்கு மட்டுமல்ல. 2008இல் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. கட்டடங்களுக்காக மட்டும் அந்தப் பெருமை கிடைக்கவில்லை. பல இன மக்களின் வாழும் மரபுக்காகவும் கிடைத்தது. வாழ்ந்தவர்கள் போய்விட்டு ஹோட்டலும் காப்பிக்கடையும் மட்டும் மிஞ்சினால் அது எப்படி வாழும் மரபாகும்? தைப்பூச வெள்ளி இரதத்தைப் பார்க்க நாமெல்லாம் நகருக்கு வருகிறோம். மறுநாள் காலையில் அங்கே கோலம் போட யார் இருக்கிறார்கள்? காலியாகக் கிடக்கும் மேல்மாடிகளில் இளம் குடும்பங்கள் கட்டுப்படியாகும் விலையில் குடியேற மாநில அரசு வழிசெய்ய வேண்டும். நாமும் அதைக் கேட்க வேண்டும். கேட்காததை யாரும் தரப்போவதில்லை.

அண்ணன் இன்னும் முடிவெடுக்கவில்லை. வரும் சனிக்கிழமை நகரில் ஓர் அடுக்குமாடி வீட்டைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். பாட்டியும் வருகிறார். அங்கிருந்து கோயிலுக்கு எத்தனை நிமிடம் என்று அவரே நடந்து பார்த்துச் சொல்லட்டும்.

தோழர்களே, இன்னும் சில ஆண்டுகளில் நாமும் வீடு தேடுவோம். எத்தனை அறை, எத்தனை கார் என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், வாசலைத் தாண்டினால் எங்கெல்லாம் நடந்து போகலாம் என்றும் கேட்போம்.