டெக் டவுட்: 'கீச்'செனக் கத்தும் பிளாப்பி... உள்ளே அப்பாவின் கதைகள்!

வாசகி ஒருவரிடமிருந்து வந்த மெயில் இது.

"அப்பா காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. பீரோவைச் சுத்தம் செய்தபோது 11 பிளாப்பி கிடைத்தது. எல்லாவற்றிலும் 'சிறுகதைகள்' என்று அவர் கையெழுத்து. வேறு எங்கேயும் பிரதி கிடையாது. ஆன்லைனில் யூ.எஸ்.பி பிளாப்பி டிரைவ் வாங்கினேன். முதல் பிளாப்பியில் ஃபைல்கள் வரிசையாகத் தெரிந்தன. இரண்டாவதைப் போட்டதும் கீச்செனக் கத்தியது, திறக்கவில்லை. மூன்றாவதும் திறக்கவில்லை. மறுபடி முதலாவதைப் போட்டால் அதுவும் வரவில்லை. போனது டிரைவா, பிளாப்பியா?"

மேடம், முதலில் ஒரு வேண்டுகோள். மீதி எட்டையும் இப்போதைக்குப் போட்டுப் பார்க்காதீர்கள்!

எங்கள் செட்டுக்கு பிளாப்பி என்றால் 'சேவ்' பட்டனில் இருக்கும் படம்தான். அதனால் இளசுகளுக்காகச் சுருக்கமாக: பிளாஸ்டிக் உறைக்குள் மெல்லிய வட்டத் தகடு, அதன்மேல் காந்தப் பூச்சு. நிமிடத்துக்கு 300 முறை சுற்றும். கொள்ளளவு 1.44 எம்.பி. இன்றைய செல்போன் போட்டோ ஒன்றே அதில் அடங்காது. ஹார்ட் டிஸ்க்கில் 'ஹெட்' எனப்படும் படிக்கும் முனை தகட்டைத் தொடாது. பிளாப்பியில் தொட்டு உரசியபடியேதான் படிக்கும். வம்பு அங்கேதான்.

பிளாப்பி டிரைவ் சத்தம் போடுவது சகஜம். மோட்டார் 'உர்ர்' என்பதும், ஹெட் ஒவ்வொரு தடமாக நகரும்போது 'டக் டக்' என்பதும் ஆரோக்கியமான சத்தம். அதே 'டக் டக்' நின்று நின்று திரும்பத் திரும்பக் கேட்டால், ஓரிடத்தைப் படிக்க முடியாமல் ஹெட் ஆரம்பத்துக்கே போய் மறுபடி முயல்கிறது என்று பொருள். எந்த பிளாப்பியைப் போட்டாலும் 'கரகர' என்றால் டிரைவைச் சந்தேகப்படலாம். ஹெட் நகரும் தண்டில் கிரீஸ் காய்ந்திருக்கும், தூசு சேர்ந்திருக்கும். ஆனால் 'கீச்' என்பது வேறு ஜாதி. பூஞ்சையோ, உரிந்து வரும் காந்தப் பூச்சோ ஹெட்டில் உரசும் சத்தம் அது. கேட்ட நொடியே வெளியே எடுத்துவிட வேண்டும்.

உங்கள் கதையில் நடந்தது பெரும்பாலும் இதுதான். இரண்டாவது பிளாப்பியின் பூச்சு உரிந்து ஹெட்டில் அப்பிக்கொண்டது. அழுக்கு ஹெட்டால் மூன்றாவதையும் படிக்க முடியவில்லை, நன்றாக இருந்த முதலாவதையும் படிக்க முடியவில்லை. இப்படியே தொடர்ந்தால் அந்த அழுக்கு நல்ல பிளாப்பிகளையும் கீறிவிடும். கீறல் விழுந்த இடத்தில் இருந்த எழுத்து போனது போனதுதான்.

மலிவு பிளாப்பிகளில் இந்தத் தொல்லை அதிகம். பிளாப்பியின் கடைசிக் காலத்தில் விலை இறங்க இறங்க, பூச்சின் தரமும் சேர்ந்தே இறங்கியது. சோனி 2011-ல் ஜப்பானில் விற்பனையை நிறுத்தியபோது உலகம் பென் டிரைவுக்கு மாறி வெகு காலமாகியிருந்தது. 80-களின் பிளாப்பி இன்றும் படிக்கும், 2000-க்குப் பிறகு வாங்கிய பேர் தெரியாத பெட்டி பிளாப்பி படுத்துவிடும். நம்மூர் ஈரக்காற்று வேறு பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

சரி, என்ன செய்யலாம்?

ஒவ்வொரு பிளாப்பியின் உலோக மூடியையும் மெல்ல ஒதுக்கி, பின்பக்க வட்டத்தை விரலால் சுற்றியபடி வெளிச்சத்தில் பாருங்கள். தகட்டில் கை படக் கூடாது. வெள்ளைப் புள்ளி, வட்டக் கீறல், மங்கிய திட்டு எது தெரிந்தாலும் அதைத் தனியாக வையுங்கள். டிரைவுக்குள் போகவே கூடாது. உறையைப் பிரித்துத் தகட்டைத் துடைத்து வேறு உறைக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. ஒரே பிரதியில் அதைப் பழக வேண்டாம்.

ஹெட்டைச் சுத்தம் செய்ய கிளீனிங் டிஸ்க் கிடைக்கும். உள்ளே தகட்டுக்குப் பதில் துணி இருக்கும். அதில் சில சொட்டு 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு, சில விநாடிகள் மட்டும் ஓட விடுங்கள். கொரோனா காலத்து சானிட்டைசர் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றிவிடாதீர்கள். அதில் கிளிசரின் இருக்கும். டிரைவைத் திறந்து பஞ்சால் துடைத்தால், மேல் ஹெட்டைத் தூக்கி இழுக்காதீர்கள். ஒரு அங்குலத்துக்கு 135 தடங்கள் என்ற நெருக்கத்தில் வேலை செய்கிற சாமான். மயிரிழை விலகினாலும் போச்சு. காய்ந்த பிறகு, தேவையில்லாத ஏதாவது பிளாப்பியைப் போட்டுச் சோதித்துவிட்டு, அப்பாவின் பிளாப்பிக்கு வாருங்கள்.

போடும் முன் மூலையில் உள்ள சின்னக் கட்டையைத் தள்ளி, துளை திறந்திருக்கும்படி வையுங்கள். அப்போதுதான் கம்ப்யூட்டர் தவறிக்கூட அதில் எதையும் எழுத முடியாது. 'ஃபார்மேட் செய்யவா?' என்று விண்டோஸ் கேட்டால் எக்காரணம் கொண்டும் 'யெஸ்' அழுத்தாதீர்கள். பிளாப்பியின் முதல் தடத்தில் உள்ள அட்டவணை கெட்டாலே இப்படிக் கேட்கும். பின்னால் இருக்கும் கதை பத்திரமாகவே இருக்கலாம்.

ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறப்பதைவிட, பிளாப்பி முழுவதையும் ஒரே பிம்பமாக நகலெடுப்பது நல்லது. லினக்ஸில் ஓடும் இலவச மென்பொருள் 'டிடிரெஸ்க்யூ' இதற்கென்றே இருக்கிறது. நல்ல இடங்களை முதலில் படித்துவிட்டு, அடம்பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் வரும். விட்டுப்போனதைக் குறித்து வைத்துக்கொள்வதால், வேறு டிரைவில் போட்டு அந்த இடங்களை மட்டும் மறுபடி முயலலாம். 512 பைட் கொண்ட ஒரு துண்டு கெட்டால் போவது கதையில் சில வரிகள்தான். லினக்ஸ் தெரிந்த பிள்ளை தெருவுக்கு ஒன்று இருக்கும், பிடியுங்கள்! அப்பா பயன்படுத்திய பழைய கம்ப்யூட்டர் பரணில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் டிரைவ் கொஞ்சம் கோணலாக எழுதியிருந்தால், அதே டிரைவில் மட்டுமே படிக்கும் பிளாப்பிகளும் உண்டு.

இன்னொன்று. ஃபைல் திறந்ததும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை தெரிந்தால் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். யூனிகோட் பரவுவதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டிய காலம் அது. பாமினி, டிஸ்கி, 1999-ல் தமிழக அரசு தரப்படுத்திய டாம், டாப் எனப் பல இருந்தன. என்.எச்.எம் கன்வெர்ட்டர் போன்றவற்றில் ஒட்டி, ஒவ்வொரு முறையாக மாற்றிப் பாருங்கள். ஏதோ ஒன்றில் சட்டென்று தமிழ் தெரியும். மாற்றிய பிறகும் மூல ஃபைலை அழிக்க வேண்டாம். சில எழுத்துகள் பிசகியிருந்தால் ஒப்பிடத் தேவைப்படும்.

ஹெட் சுத்தமானதும் முதல் பிளாப்பியிலிருந்தே தொடங்குங்கள் மேடம். அது திறந்தால் ஒரு வரி மெயில் போடுங்கள்.