வெளியே 350, உள்ளே 383

1969 கமாரோ எஸ்எஸ் பானெட்டைத் திறங்க. அதே ஆரஞ்சு கலர் 350 வி8, அதே ஏர் கிளீனர். ஆனா உள்ளே? 4 இன்ச் சிலிண்டரை 0.030 இன்ச் ரீபோர் பண்ணி, 3.48-க்குப் பதிலா 3.75 இன்ச் ஸ்ட்ரோக் கிராங்க் போட்டிருந்தா, அது 383 கன இன்ச்!

'ஏமாத்து வேலை'ன்னு சொல்றவங்களோட எனக்கு உடன்பாடு இல்ல. பானெட்டை வெட்டிப் பெரிய கார்புரேட்டரை நீட்டிக்கிட்டு நிக்க வைக்கிறது ஈஸி. கம்பெனி மேனிஃபோல்டுக்குள்ளேயே காற்றோட்டத்தைக் கூட்டணும். கேம்ஷாஃப்ட் கொஞ்சம் ஓவரானாலும் ஐடிலிங் சத்தமே காட்டிக் கொடுத்துடும். அதுதான் இன்ஜினியரிங். (நம்ம ஃபைனல் இயர் புராஜெக்ட் நேர் எதிர்: வெளியே பளபள, உள்ளே காலி.)

விக்கிறப்போ மட்டும் வாங்குறவர்கிட்ட மறைக்கக் கூடாது. ரீபோர்ல போன இரும்பு திரும்ப வராது. பழைய கிராங்கையாவது எண்ணெய் தடவி, காரோடவே கொடுத்துடணும்.