தோல்வியைச் சொல்லாத கட்டளைகள்

2025 அக்டோபர் 9ஆம் தேதி வெளியான உபுண்டு 25.10, ‘எல்எஸ்’, ‘கேட்’, ‘டேட்’ போன்ற அடிப்படைக் கட்டளைகளின் பழைய சி மொழி நிரல்களுக்குப் பதிலாக, ரஸ்ட் மொழியில் எழுதியவற்றை இயல்பாகத் தந்தது. நினைவகப் பிழைகள் குறையும் என்பது முக்கியக் காரணம். அம்மாதமே ஒரு கோளாறு தெரியவந்தது. ஒரு கோப்பு கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டால், ‘டேட்’ இப்போதைய நேரத்தைச் சொன்னது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. அந்தப் பதிலை நம்பிய கணினிகள் புதுப்பிப்புகளைத் தானாகத் தேடாமல் விட்டன.

ரஸ்ட்டா சியா என்று பலர் வாதிட்டார்கள். எனக்கு உறுத்தியது வேறு: வேலை நடக்காதபோது கட்டளை அதைச் சொல்கிறதா?

1973இல் யூனிக்ஸில் வந்த ‘பைப்’ ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்த கட்டளைக்குக் கொடுக்கிறது. ‘கேட்’ லட்சம் வரிகளை அனுப்பினாலும் ‘ஹெட்’ முதல் 10 வரிகளோடு கிளம்பிவிடும். வாங்க ஆளில்லாத பைப்பில் ‘கேட்’ மேலும் எழுத முயன்றால், இயங்குதளம் அதற்குச் ‘சிக்பைப்’ என்னும் 13ஆம் எண் சமிக்ஞையை அனுப்பி, சத்தமில்லாமல் முடித்துவிடும். கொமுட்டர் ரயில் எங்கள் புலாவ் செபாங்கோடு ஓட்டத்தை முடித்துக்கொள்வதை யாரும் விபத்து என்பதில்லை, இதுவும் அப்படித்தான். ஆனால் ரஸ்ட் நிரல்கள் இயல்பாகவே இந்தச் சமிக்ஞையைப் புறக்கணிக்கும். நிரலர் கவனிக்காவிட்டால், வழக்கமான அச்சிடும் வரியே ‘பைப் உடைந்தது’ என்று அலறி நிரலை நிறுத்தும்.

அலற வேண்டிய இடம் வேறு: சேமிப்பிடம் நிரம்பும்போது. லினக்ஸில் ‘டெவ் ஃபுல்’ என்று எப்போதும் நிரம்பியே இருக்கும் ஒரு போலிக் கோப்பு உண்டு. சி வகுப்பின் முதல் பாடமான ‘ஹலோ வேர்ல்ட்’ நிரலின் வெளியீட்டை அதற்குத் திருப்பிப் பாருங்கள். ஓர் எழுத்துகூடப் பதிவாகாது. நிரலோ வெற்றி என்று பொருள்படும் 0 எண்ணோடு முடியும். பழைய குனு கட்டளைகள் முடியும் தறுவாயில் இதைச் சோதித்துப் பிழையைச் சொல்லிவிடும். இறுதியாண்டுத் திட்டத்தைப் பென் டிரைவில் நகலெடுக்க நாமே எழுதும் சின்ன நிரல்கள் சொல்லுமா?

பைப் வழியாக அனுப்பினால் இன்னொரு சிக்கல். ‘பேஷ்’ கடைசிக் கட்டளையின் முடிவை மட்டுமே காட்டும். ‘பைப்ஃபெயில்’ வசதியை இயக்கினால் நடுவில் நடந்த தோல்வியும் தெரியும். ஆனால் ‘ஹெட்’ கிளம்பியதால் முடிந்த ‘கேட்’கூட அப்போது 141 என்ற தோல்வி எண்ணாகிவிடும், அது 128உடன் 13. அதனால் ‘ஹெட்’ உள்ள இடங்களில் மட்டும் 141ஐ விட்டுவிடுகிறேன். வேறு எண் வந்தால் பென் டிரைவைக் கழற்றுவதில்லை.